பதிவுத்தாளில் இல்லாத கட்டங்கள்: மீன்பிடி விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மீன்பிடி விதிகளை வகுக்கும் குழுவினருக்கும் அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஆய்வாளர்களுக்கும்,

கடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து முடித்த இரவே இதை எழுத உட்கார்ந்தேன். 43 பக்கங்கள். அன்று முற்பகல் முழுவதும் உங்கள் முன் நின்று பேசிய பூர்வகுடி மூதாட்டியின் சாட்சியத்துக்கு அதில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று தேடினேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "வாய்மொழிக் கருத்துகள் பெறப்பட்டன." அடுத்த பத்தியில், பிடிக்கலாம் என்று அனுமதிக்கும் மீனின் குறைந்தபட்ச நீளத்தை 2 சென்டிமீட்டர் உயர்த்தியிருக்கிறீர்கள். பெரிய மீன்களைப் பிடிக்காமல் விட வேண்டும், நீளத்துக்கு மேல்வரம்பும் வேண்டும் என்று அவர் வைத்த கோரிக்கையை "போதிய அறிவியல் ஆதாரம் இல்லை" என்று தள்ளியிருக்கிறீர்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் எதிர்க்கிறேன். முதலாவது மீனைக் காப்பாற்றாது. இரண்டாவது உண்மைக்கு மாறானது.

எந்தக் கடல், எந்தத் துறை, எந்த மீன் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஓர் அலுவலகத்தைச் சந்திக்கு இழுப்பது என் நோக்கமல்ல. பன்னிரண்டாம் பக்கத்து வரியை ஒத்த வரிகளை வேறு கரைகளின் குறிப்புகளிலும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த மடல், மீனுக்கு விதி எழுதும் எல்லா மேசைகளுக்கும் உரியது.

நான் ஆய்வாளர் அல்ல. 24 ஆண்டுகள் மீன் இறங்குதளங்களில் மீன் அளந்தவள். விடியுமுன் ஈரத் தளத்தில் அளவுப் பலகையை வைத்து, மீனின் மூக்கைப் பலகையின் முனையில் முட்டக் கொடுத்து, வால்கவையில் நீளம் பார்ப்பேன். வயிற்றைக் கீறிச் சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று குறிப்பேன். நாலைந்து செதில்களைச் சுரண்டி உறையில் போடுவேன். தலையைப் பிளந்து செவிக்கல்லை எடுப்பேன். மரத்துக்கு உள்ளது போல அந்தச் சிறு கல்லுக்கும் ஆண்டு வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி மீனின் வயதைச் சொல்வோம். உங்கள் வரைபடங்களில் இருக்கும் புள்ளிகளில் பல ஆயிரம் என் விரல் பட்டவை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த நாளில் எனக்குத் தந்த பதிவுத்தாளில் 90 சென்டிமீட்டர் வரை கட்டங்கள் இருந்தன. வலக்கோடியில் இருந்த கட்டங்களில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று கோடுகளாவது விழும். பெரும்பாலும் அவை பெண்மீன்கள்; தூக்கிப் பலகையில் வைக்க இரண்டு கை வேண்டும். சில ஆண்டுகளில் அந்தக் கோடுகள் வாரத்துக்கு ஒன்றாயின, பிறகு பருவத்துக்கு ஒன்றாயின. ஒருநாள் புதிய தாள் அச்சாகி வந்தது. அதில் 65க்கு மேல் கட்டமே இல்லை. கேட்டதற்கு, "காலியாகக் கிடக்கிற கட்டங்களுக்கு எதற்குத் தாளை வீணாக்க வேண்டும்?" என்று பதில் வந்தது. எனக்குப் பின் வேலைக்கு வந்த பெண், பழைய தாள் ஒன்றை என் பையில் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரியது இருந்ததா அக்கா?" என்று கேட்டாள். அவள் கெட்டிக்காரி. ஆனால் அவள் கையில் கொடுத்த தாள், பெரிய மீன் என்ற ஒன்றையே அவளிடமிருந்து மறைத்துவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் தான் வந்த நாளில் கண்ட கடலையே முழுக் கடல் என்று எண்ணிக்கொள்வதை, மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995இல் 'நகரும் அடிக்கோடு' என்று பெயரிட்டு எச்சரித்தார். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோட்டை அச்சகமே நகர்த்தியது.

கட்டங்கள் காலியானதைவிட என்னை உறுத்தியது சினை. முதலில் நான் 50 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனில் முற்றிய சினையைப் பார்த்ததே அபூர்வம். கடைசி ஆண்டுகளில் 36, 37 சென்டிமீட்டர் மீன்கள் வயிறு தள்ளிக்கொண்டு வந்தன. செவிக்கல்லை எடுத்து எண்ணினால் வயதும் குறைவு. இதை ஒவ்வோர் ஆண்டும் குறிப்புரைப் பத்தியில் எழுதினேன். யாராவது படித்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

நீங்கள் போடும் குறைந்தபட்ச நீளம் என்ன செய்கிறது என்பதைப் பலகையின் பக்கத்தில் நின்று பாருங்கள். கோட்டை 40இல் போடுகிறீர்கள். 38இல் சினை பிடிக்கும் மீன் ஒருமுறையாவது முட்டையிட்டுவிட்டுத்தான் வலைக்கு வரும். 50இல் சினை பிடிக்கும் இயல்புள்ள மீனோ, தாயாகும் முன்பே மாட்டிக்கொள்ளும். முன்னதன் பிள்ளைகள் கடலில் இருக்கும். பின்னதற்குப் பிள்ளைகளே இல்லை. சீக்கிரம் சினை பிடிக்கும் இயல்பு ஓரளவேனும் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது. அப்படியானால் இருபது, முப்பது ஆண்டுகளில் கடலில் மிஞ்சுவது யாருடைய வாரிசுகள்? விரைவாக வளரும் மீனுக்கும் இதே கதிதான். மற்றவற்றுக்கு முன்பே அது கோட்டைத் தாண்டிவிடுவதால், மற்றவற்றுக்கு முன்பே செத்தும் விடுகிறது. கோட்டை 42க்கு நகர்த்துவதால் இந்தக் கணக்கு மாறாது. சில மீன்கள் கூடுதலாக ஒரு பருவம் முட்டையிடும், அது நல்லதுதான். ஆனால் கோட்டுக்கு மேலே உள்ள அத்தனையும் பிடிக்கத் தகுந்தவை என்ற நிலை அப்படியே இருக்கும் வரை, மீனைச் சிறுக்கவைக்கும் விசையின் திசை மாறாது.

உழுகிறவர்கள் களத்தில் திரண்ட கதிரைத் தனியே எடுத்து விதைக்கு வைப்பார்கள். பதரையும், மணி பிடிக்காத சாவிக் கதிரையும் ஒதுக்குவார்கள். நாம் கடலில் திரண்ட கதிரையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டுச் சாவியை விதைக்கு விடுகிறோம். அதையும் சட்டம் போட்டுச் செய்கிறோம். மனிதன் வளர்க்கிற எந்த உயிரிடத்திலும் இப்படிச் செய்பவனை அறிவுள்ளவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆதாரம் இல்லை என்கிறீர்கள். 2002இல் வெளியான ஓர் ஆய்வை உங்கள் ஆலோசகர்கள் அறியாதிருக்க முடியாது. டேவிட் கோனவர், ஸ்டீபன் மன்ச் என்ற இருவர், அட்லாண்டிக் சில்வர்சைடு என்னும் சிறு மீனைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் 90 சதவீத மீன்களை எடுத்துவிட்டார்கள்: சில தொட்டிகளில் பெரியவற்றை, சிலவற்றில் சிறியவற்றை, சிலவற்றில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல. நான்கே தலைமுறைகளில், சிறியவற்றை எடுத்த தொட்டியின் மீன், பெரியவற்றை எடுத்த தொட்டியின் மீனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை இருந்தது. தண்ணீரும் தீனியும் ஒன்றுதான். யாரைப் பெற்றோராக விட்டார்கள் என்பது மட்டுமே வேறு. பின்னர் அப்படித் தேர்ந்தெடுத்து எடுப்பதை நிறுத்திவிட்டு ஐந்து தலைமுறைகள் வளர்த்தார்கள். குறுகிப்போன மீன்கள் இழந்ததில் பாதியைத்தான் மீட்டன. முழுதாகத் திரும்ப 12 தலைமுறைகள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். சில்வர்சைடு ஓராண்டில் தலைமுறை மாறும் மீன். ஆறேழு ஆண்டில் தாயாகும் மீனுக்கு 12 தலைமுறை என்றால் எத்தனை ஆண்டு என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

தொட்டி வேறு, கடல் வேறு என்பீர்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் வீழ்ந்த கதைக்கு வாருங்கள். 1992 ஜூலை 2ஆம் நாள் அங்கே காட் மீன்பிடிக்குத் தடை விதித்தார்கள். தடைக்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, அந்த மீன்கள் மேலும் மேலும் இளவயதிலும் சிறிய உடலிலும் சினை பிடிக்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது. வளர்ச்சி வேகத்தையும் சாவு விகிதத்தையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த நகர்வு மிஞ்சி நின்றது. 2004இல் அந்த ஆய்வு வெளியானபோது கடலில் எல்லாம் முடிந்திருந்தது. கரையோரத்தில் சிறு படகில் மீன் பிடித்தவர்களோ 1980களிலேயே சொல்லிவிட்டார்கள், மீன் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துவிட்டது என்று. பெரிய கப்பல்களின் பிடிப்புக் கணக்கு நன்றாக இருந்ததால் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அந்த வணிகத் தடை முழுதாக விலக 2024 வரை 32 ஆண்டுகள் ஆயின.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன் சிறுப்பதெல்லாம் மரபணு மாற்றம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் சூடானாலும் மீன் சிறுக்கும். கூட்டம் குறைந்து ஆளுக்கு அதிகத் தீனி கிடைத்தாலும் சீக்கிரம் சினை பிடிக்கும். நூறாண்டுப் பழைய காட் மீன் மாதிரிகளை இன்றைய மீன்களோடு ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று, மரபணு வளத்தில் பெரிய இழப்பைக் காணவில்லை. அது நல்ல செய்தி. அந்த இனங்களுக்கு மீளும் வழி இன்னும் அடைபடவில்லை என்று பொருள். ஆனால் 2025இல் கிழக்குப் பால்டிக் கடல் காட் மீனைப் பற்றி ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1996 முதல் 2019 வரை சேர்த்து வைத்திருந்த செவிக்கற்களிலிருந்து ஒவ்வொரு மீனின் வளர்ச்சியையும் மரபணுவையும் ஒருசேரப் பார்த்தார்கள். விரைவாக வளரும் மீன்களுக்கு உரிய மரபணு வடிவங்கள் அந்தக் காலத்தில் ஒரே திசையில் அருகியிருந்தன. ஒரு காலத்தில் ஒரு மீட்டரைத் தாண்டி வளர்ந்த மீன், இன்று உண்ணும் தட்டுக்குள் அடங்குகிறது. 2019 முதல் அங்கே காட் மீனைக் குறிவைத்துப் பிடிப்பதற்குத் தடை. மீனின் உடல் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

"சூழலா, மரபணுவா என்று தெளிவாகும் வரை பொறுத்திருப்போம்" என்ற வாசகத்தைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சூழல் காரணம் என்றால் பொறுத்ததால் பெரிய நட்டமில்லை. மரபணு காரணம் என்றால், பொறுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பல ஆண்டுகள் வட்டி கட்ட வேண்டியிருக்கும். அந்த வட்டியைக் கட்டப்போவது நீங்களோ நானோ அல்ல.

இனி அந்த மூதாட்டி பேசியதற்கு வருகிறேன். உங்கள் குறிப்பு எழுதாததை நான் எழுதி வைத்திருக்கிறேன். என் பழைய பதிவுத்தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன்.

அவர் முதலில் தம் கையை நீட்டிக் காட்டினார். தம் தாயின் காலத்து மீன் விரல் நுனியிலிருந்து தோள் வரை. தாம் மணமான காலத்தில் முழங்கை தாண்டி. இப்போது பேரன் கொண்டுவருவது மணிக்கட்டுக்குச் சற்று மேலே. நீங்கள் இதைக் கதை என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது மூன்று தலைமுறைக்கான நீள அட்டவணை. உங்களிடம் இருக்கும் மிகப் பழைய பதிவுத்தாளுக்கும் முந்தைய காலத்தின் ஒரே அட்டவணை அதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் நடுக் கரையில் ஹெய்ல்ட்சுக், நுஹால்க் உள்ளிட்ட நான்கு பூர்வகுடிகள் இதையே முறையாகச் செய்திருக்கிறார்கள். மஞ்சள்கண் பாறைமீன் நூறாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அதைப் பற்றித் தங்கள் சமூகத்தில் கடலறிந்த 42 பேரிடம் ஆய்வாளர்களோடு சேர்ந்து கேட்டுப் பதிந்தார்கள். 1980களில் 84 சென்டிமீட்டர் அளவில் நினைவிலிருந்த மீன், 2010க்குப் பின் 46 சென்டிமீட்டர். 2018இல் வெளியான அந்த முடிவை, அறிவியல் கணக்கெடுப்பு தொடங்காத காலத்தின் அடிக்கோடாக ஆய்வாளர்கள் ஏற்றார்கள். அங்கே ஏற்கத் தகுந்தது இங்கே "வாய்மொழிக் கருத்து" ஆனது எப்படி?

இரண்டாவதாக அவர் சொன்னது: "பெரிய தாய்களுக்குத்தான் வழி தெரியும். அவற்றை எடுத்துவிட்டால் சிறியவை எங்கே போவதென்று தெரியாமல் திரியும்." அப்போது மேசையின் இடப்பக்கத்தில் இருவர் புன்னகைத்ததைப் பார்த்தேன். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பூர்வகுடி முதியோர் ஹெர்ரிங் மீனைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் இதையேதான்: வயதான மீன்களே இளையவற்றை முட்டையிடும் இடத்துக்குக் கூட்டிப் போகின்றன. 2025இல் நார்வேக் கரை ஹெர்ரிங் பற்றி வெளியான ஆய்வைப் பாருங்கள். வயதான மீன்கள் பிடிபட்டு அருகியபோது இளைய கூட்டம் பழைய இடங்களுக்குப் போகும் நினைவையே இழந்தது. முட்டையிடும் இடம் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்துவிட்டது. மரபணுவில் எழுதாத சொத்தும் மீனுக்கு உண்டு. அதுவும் பெரிய மீன்களிடம்தான் இருக்கிறது. அந்தப் புன்னகைகளை இன்றாவது திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, அவர் ஒரு பெரிய மீனின் முட்டை, அதே எடைக்குச் சேரும் சிறிய மீன்களின் முட்டையைவிட அதிகம் என்றார். சினையைக் கையில் ஏந்தியவர்கள் எல்லோரும் அறிந்தது இது; நானும் அறிவேன். ஆனால் உங்கள் கணக்குகளில் ஒரு டன் தாய்மீன் என்றால் ஒரு டன் தாய்மீன்தான். அது முப்பது மீனா, ஐந்நூறு மீனா என்று கேட்பதில்லை. 2018இல் 300க்கு மேற்பட்ட மீனினங்களை ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்: 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீன் இடும் முட்டைகளை இட, 2 கிலோ எடையுள்ள 28 பெண்மீன்கள் வேண்டும். மொத்த எடையைப் பார்த்தால் சிறியவை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தூண்டிலுக்குச் சட்டென்று வருகிற மீன்களைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். துணிந்தவை முதலில் போய்விடும், பதுங்குபவை மிஞ்சும் என்றார். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பாஸ் மீன்களை வைத்து 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்த சோதனையை நினைத்துக்கொண்டேன். தூண்டிலில் எளிதில் மாட்டும் இயல்பு வழிவழியாக வருகிறது என்று அது காட்டியது. அப்படி மாட்டும் ஆண்மீன்களே கூட்டைக் காத்துக் குஞ்சுகளைப் பேணுவதில் சிறந்தவை. பள்ளிக்குப் போகாத அந்த மூதாட்டிக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பதைவிட, பள்ளிக்குப் போன நமக்கு ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிந்தது என்று கேட்பதே பொருத்தம்.

இதெல்லாம் தற்செயலான ஒற்றுமை என்று சொல்லிவிடாதீர்கள். பசிபிக் தீவான பலாவுக்கு 1970களில் போன ராபர்ட் ஜோஹன்ஸ் என்ற ஆய்வாளர், அங்குள்ள மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். எந்த மீன் எந்தப் பிறையில் எங்கே கூடி முட்டையிடும் என்று அவர்கள் சொன்ன மீன்களின் எண்ணிக்கை, அன்றைக்கு உலக அறிவியல் நூல்கள் அனைத்திலும் பதிவாகியிருந்ததைவிட அதிகம். பலாவில் தலைவர்கள் கூடி, முட்டையிடும் காலத்தில் ஒரு பகுதியை மூடிவைப்பதற்கு 'புல்' என்று பெயர். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் இதுபோலவே தற்காலிகமாக மூடிவைக்கும் 'ராஹுயி' இருக்கிறது. யாரைப் பெற்றோராக விடுவது என்ற கேள்விக்கு அவர்கள் வலைக்கு முன்பே விடை சொல்லி வைத்திருந்தார்கள்.

பிடிக்கும் கருவியிலும் அந்த விடை உண்டு. ஹெய்ல்ட்சுக் மக்கள் ஹெர்ரிங் மீனைக் கொல்லாமல், கெல்ப் என்னும் நீண்ட கடற்பாசியிலும் ஹெம்லாக் மரக்கிளைகளிலும் அது இட்ட முட்டையில் ஒரு பங்கை மட்டும் எடுக்கிறார்கள். தாய் அடுத்த ஆண்டும் வரும். அதை விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அவர்களுடைய பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்திலேயே பேபின் ஏரிப் பூர்வகுடி மக்கள் ஆற்றின் குறுக்கே அடைப்பு கட்டிச் சால்மன் பிடித்தார்கள். அடைப்பில் மீன் உயிரோடு நிற்கும். எதை எடுப்பது, எதை மேலே போகவிடுவது என்று மனிதன் தேர்ந்தெடுக்க முடியும். மீன் தகரத்திலடைக்கும் ஆலைகளின் புகாரைக் கேட்டு, அடைப்புகளே மீனை அழிக்கின்றன என்று சொல்லி, 1906இல் அவற்றை எடுக்கவைத்து அவர்கள் கையில் வலையைக் கொடுத்தது அரசு. செவுள் வலை கண்ணியின் அளவுக்குச் சிக்குவதையெல்லாம் கொன்றுதான் தரும். அதில் எதையும் திருப்பி விட முடியாது. தேர்ந்தெடுக்கத் தெரிந்த கருவியைச் சட்டம் போட்டு அழித்துவிட்டு, தேர்ந்தெடுக்காத கருவிக்கு இன்று வரை விதி எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பூர்வகுடிகள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் கருதவில்லை. அவர்களும் பிழை செய்வார்கள், தங்களுக்குள் மாறுபடுவார்கள். அந்த மூதாட்டி சொன்ன முட்டையிடும் இடங்களில் ஒன்றை, அவருடைய தம்பியே மறுத்துப் பேசினார். கனடாவின் கியூபெக் மாநிலத்து மிஸ்டாசினி ஏரியில் வால்ஐ மீன் சிறுத்துவிட்டதை மிஸ்டிசினி க்ரீ மக்களே முதலில் கவனித்தார்கள். மீன்பிடிப்பு மிகுந்த பகுதிகளில் ஒன்றிரண்டு தலைமுறைக்குள்ளேயே உடல் அளவும் மரபணுவும் மாறியிருப்பதை அவர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2020இல் காட்டியது. அந்த ஏரியில் வெளியார் மட்டும் மீன் பிடிக்கவில்லை, அவர்களும்தான் பிடித்தார்கள். தங்கள் கையையும் சேர்த்துக் கேள்வி கேட்டார்கள். அந்த நேர்மையைத்தான் நான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

இன்னொன்று. இந்த மடலை உடனே எழுதவைத்த காரணமும் அதுதான். பழைய செதில் உறைகளை இடமில்லை என்று அப்புறப்படுத்தப் போவதாகக் கேள்விப்பட்டேன். என் கையால் தேதி எழுதிய உறைகள் அவற்றில் இருக்கின்றன. எனக்கு முன்பிருந்தவர்கள் எழுதியவையும் இருக்கின்றன. ஒவ்வொரு செதிலிலும் அந்த மீனின் மரபணு காய்ந்து ஒட்டியிருக்கிறது. 90 சென்டிமீட்டர்க் கட்டத்தில் கோடு விழுந்த காலத்து மீன் யார் என்று கேட்க உலகத்தில் வேறு இடமே இல்லை. ஆதாரம் இல்லை என்று எழுதிய அதே மாதத்தில் ஆதாரத்தைக் குப்பைக்கு அனுப்பப் போகிறீர்கள்.

ஆகவே கேட்கிறேன்.

முதலில், அந்த உறைகளையும் செவிக்கல் பெட்டிகளையும் தொடாதீர்கள். உலர்ந்த அறை ஒன்று போதும். அவற்றை இன்றைய மீன்களின் செதிலோடு ஒப்பிட்டு மரபணு ஆய்வு செய்ய நிதி ஒதுக்குங்கள். ஆய்வின் கேள்விகளை அந்தப் பூர்வகுடிச் சமூகத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

குறைந்தபட்ச நீளத்தோடு அதிகபட்ச நீளத்தையும் விதியில் சேர்த்து, பெரிய தாய்மீன்களைத் திரும்ப விடச் சொல்லுங்கள். இது புதுமையான யோசனையும் அல்ல. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறாலுக்கு 1930களிலிருந்தே மேலும் கீழும் இரண்டு வரம்புகள் உண்டு. ஆனால் ஆழத்திலிருந்து ஏற்றிய மீனின் காற்றுப்பை வீங்கிவிடும். திரும்ப விட்டாலும் பல பிழைப்பதில்லை. அந்த இனங்களுக்கு மேல்வரம்பு தாளில் மட்டும்தான் உதவும். அவற்றுக்கு, மூதாட்டி கேட்டதுபோல, இடத்தையே மூடிவைக்க வேண்டும். எந்த இடம், எந்தப் பிறை என்று அவரிடமும் அவருடைய தம்பியிடமும் கேளுங்கள்; இருவரும் மாறுபட்டால் இரண்டையும் மூடுங்கள். இவற்றோடு மொத்தப் பிடிப்பின் அளவையும் குறைக்க வேண்டும், அதைக் குறைக்காமல் வரம்புகளை மட்டும் நகர்த்துவது வீண்.

மீன் எந்த வயதில், எந்த நீளத்தில் சினை பிடிக்கிறது என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுங்கள். அது தொடர்ந்து இறங்கினால் பிடிப்பைத் தானாகவே குறைக்கும் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். இறங்கிய பிறகு கூட்டம் போடுவது பலமுறை பார்த்துச் சலித்தது.

பூர்வகுடிச் சமூகங்களுக்குக் கருத்துச் சொல்லும் நாற்காலி வேண்டாம், வாக்களிக்கும் நாற்காலி கொடுங்கள். அவர்கள் பகிரும் அறிவு அவர்களுடையது. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். முட்டையிடும் இடம் வரைபடத்தில் ஏறினால் மறுநாளே அங்கே படகுகள் நிற்கும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. 1992ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மய உடன்படிக்கை, 2007ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் உரிமை குறித்த ஐ.நா. பிரகடனம், 2014ஆம் ஆண்டின் சிறு அளவிலான மீன்பிடிக்கான வழிகாட்டு நெறிகள் என்று பெரும்பாலான அரசுகள் ஒப்புக்கொண்டவைதான் இவை. புதிதாக எந்த உறுதிமொழியும் கேட்கவில்லை.

பதிவுத்தாளில் 90 சென்டிமீட்டர் வரை கட்டங்களைத் திரும்பப் போடுங்கள். காலியாகவே கிடந்தாலும் கிடக்கட்டும். பலகையருகே நிற்கும் புதிய பெண் ஒவ்வொரு நாளும் அந்தக் காலி இடத்தைப் பார்க்க வேண்டும்.

நடவடிக்கைக் குறிப்பின் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருத்துங்கள். அந்த மூதாட்டியின் சாட்சியத்தை அவருடைய மொழியில் முழுதாகச் சேருங்கள். மொழிபெயர்ப்பை அவர் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகு அதன் பக்கத்தில் வையுங்கள். அடுத்த கூட்டம் தொடங்குமுன் இது நடக்க வேண்டும். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் எழுதி வைத்த தாள் என்னிடம் இருக்கிறது. கேட்டால் அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
24 ஆண்டுகள் மீன் அளந்த ஒருத்தி